கொண்டை ஊசிக்கு இரண்டு

ஐந்து ரோட்டில் நான்காவது மாடி.
ஏசி காற்று நேராகக் கழுத்தில் விழும் இருக்கை.
ஆனால் ஜன்னல் எனக்கு.
இரவு பத்துக்கு மேல்
ஏற்காட்டு மலை இல்லாமல் போய்
அதில் ஏறுகிற வண்டியின் வெளிச்சம் மட்டும் இருக்கும்.

ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குள்
ஒரு நோயாளியை முடித்துவிடுவேன்.
முடிப்பது என்றால்,
ஓஹியோவில் ஒரு டாக்டர் மூக்கால் பேசிப் பதிந்த
மூன்று பக்கத்தைப் படித்து
அந்த உடம்புக்கு என்ன என்று
எழுத்தும் எண்ணுமாய் ஏழு இடத்துக்குள் சொல்வது.
சர்க்கரை என்றால் ஈ பதினொன்று, புள்ளி, ஒன்பது.
முட்டித் தேய்மானத்தில் கடைசி இலக்கம்
ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது.
மாடு முட்டியதற்கு உண்டு. கோழி கொத்தியதற்கும் உண்டு.
ஆமை கடித்ததற்கு இருப்பதைக் கண்டுபிடித்த அன்று
தில்ஷாத் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தந்தாள்,
யாரையோ ஆமை கடித்ததைக் கொண்டாடி.

அவள்தான் அந்தப் பட்டியலைப் போட்டது.
யாரும் திறக்காத ஒரு செட்டிங்ஸ் பக்கத்தில்
இரண்டு எழுத்து தட்டினால்
முழுக் குறியீடும் வந்து உட்காரும்படி
நூற்று நாற்பது சுருக்கம்.
மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில்,
வலது கை சோற்றில் இருக்க இடது கையால் தட்டித் தட்டி.
கொதிப்புக்கு பி, பி.
இடுப்புவலிக்கு அவள் மாமியார் நூர்ஜஹானின் என், யூ.
சிரித்தோம்.
இப்போது முப்பத்தாறு பேரும்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் அமெரிக்கர்களுக்கெல்லாம்
நூர்ஜஹான் என்றுதான் போடுகிறோம்.

அடுத்த மாதம் வளைவுக்கு இரண்டு பேர்.
டீம் லீடர் இளவழுதி வெள்ளைப் பலகையில்
எண்பதை அழித்து நூற்று முப்பது என்று எழுதினார்.
தில்ஷாத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
'சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தானேடி போட்டேன்.'

துணை இறந்துபோனதற்கும் ஒன்று உண்டு.
இசட் அறுபத்து மூன்று, புள்ளி, நான்கு.
முன்பெல்லாம் அதைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.
அந்தக் கொஞ்ச நேரத்தால் யாருக்கு என்ன லாபம், தெரியாது.
இருந்தது.
இப்போது விரலை எடுக்கும் முன் வந்துவிடுகிறது.

ஆடியில் என் மணிக்கட்டு நோக ஆரம்பித்தது.
எம் இருபத்தைந்து, புள்ளி, ஐந்து மூன்று இரண்டு.
பெரியாஸ்பத்திரியில் எனக்கு முன்னால் எழுபது பேர்.
பழக்கதோஷம், ஒவ்வொருவருக்காய்ப் போட்டுக்கொண்டே நின்றேன்.
வாழப்பாடி பஸ்ஸில் வந்த இருமல்.
வெள்ளிப்பட்டறைப் புகை ஏறிய கண்.
காலில் துணி சுற்றிய ஒரு பையன்:
நாயா, தகரமா?
காரணம் தெரியாமல் முடிக்க முடியாது. கேட்டுவிட்டேன்.
'பால் வண்டி' என்றான், பெருமையாக.

டாக்டர் எனக்குக் கொடுத்தது நாற்பது நொடி.
கையைப் பிடித்தார். மடக்கினார்.
'என்ன வேலை' என்றவர்
பதில் வருவதற்குள் எழுதி முடித்துவிட்டார்.
சுள்ளென்று வந்தது.
பிறகு மலை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

சீட்டில் இரண்டே எழுத்து. கீழே ஒரு கோடு.
மருந்து ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்தவள்
அதை முழுதாய் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.
மூன்று நாள் மாத்திரை, ஒரு களிம்பு,
காகிதத்தில் மடித்தபடியே
'எந்தக் கைம்மா?'
அது சீட்டில் இல்லை.
இடது என்றேன்.
நான் நீட்டியிருந்த இடது கையைத் தாண்டி
வலது கையில் வைத்தாள்.